நெடி வராத மிளகாய்

செவலையை முதலில் தொட்டவள் நான். இதை எழுதும்போது இன்றைக்கும் கை அவசரப்படுகிறது, யாராவது முந்திக்கொண்டு இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்று. மழை நின்ற ஒரு காலையில் லாரியிலிருந்து அவளை இறக்கினார்கள். நாலு வயதுப் பெட்டைக்குதிரை. விலா எலும்பை எண்ணலாம். நான்கு குளம்பிலும் அழுகல், கிட்டே போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். அப்பாவின் சட்டையைத் தோளோடு கிழித்தாள். தங்கையின் பின்னல் நுனியை மென்று துப்பினாள். பிறகு நான் போனேன். என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கை அதிலேயே வைத்துக்கொண்டாள். ஈரமும் சூடும் குத்துகிற மயிருமாக ஒரு கனம். தன்னை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா பட்டாளத்தில் இருபது வருஷம் குதிரைகளோடு இருந்தவர். ஓய்வு பெற்றதும் திருநெல்வேலிக்குத் திரும்பாமல், செம்பூரில் ஒரு பருத்தி சேட்டின் லாயத்துக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார். லாயத்தை ஒட்டி இரண்டு அறை எங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் குதிரைச் சாணம் மணக்கும், காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் நாற்றம். அப்பா, அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது சின்னவளான தங்கை. லாயத்தில் ஏற்கெனவே ஒரு குதிரை இருந்தது. சாம்பல் நிறம், பல போட்டிகளைப் பார்த்த கிழம். நாங்கள் அதைக் கிழவர் என்றுதான் சொல்வோம். "கிழவர் சாப்ட்டாரா?" என்று அம்மா குரல் கொடுக்கும்போது, வந்திருக்கிற விருந்தாளி வீட்டுக்குள் ஒரு முதியவரைத் தேடுவார்.

சேட்டின் மகன் படிக்கக் கப்பலேறிப் போய்விட்டான். குதிரைகளைப் போட்டியில் ஓட்ட ஆளில்லை. சேட் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "தும்ஹாரா தோ லட்கி ஹை நா, ஜமேதார்" என்றார் அப்பாவிடம். உனக்குத்தான் இரண்டு பெண்கள் இருக்கிறார்களே என்று. இரண்டு பெண்களும் சின்ன வயதிலிருந்தே கிழவரின் முதுகில் வளர்ந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் அந்தப் பருவம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மழை முடிந்ததிலிருந்து வெயில் முற்றும்வரை போட்டிக் காலம். ஒவ்வொரு போட்டியும் மூன்று நாள், மூன்று நாளும் அதே குதிரை, அதே ஆள். முதல் நாள் ஒரு கட்டத்துக்குள் குதிரை சொன்னபடி நடந்து, திரும்பி, நின்று காட்ட வேண்டும். இரண்டாம் நாள் வேலி, வாய்க்கால், கற்சுவர் எல்லாம் தாண்டி மைல்கணக்கில் ஓட வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் சாயம் பூசிய கம்புகளைத் தாவ வேண்டும். இதற்கெல்லாம் இங்கிலீஷில் நீளமான பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் நடை, ஓட்டம், தாவல், அவ்வளவுதான். "நாளைக்கு நடையா, ஓட்டமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா அரிசி ஊறப்போடுவாள். ஓட்டமென்றால் அரைப்படி கூடுதல்.

காக்கித் துணியில் எங்களுக்குக் காற்சட்டை தைத்ததும் அம்மாதான். தாராவியிலிருந்து வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன மதினி, பொட்டப் பிள்ளைய ரெண்டும் போலீஸ்காரன் கணக்கா நிக்கி. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"இந்த ஊர்ல மாப்பிள்ளதான மதினி குதிரையில வருதான்," என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுல பிள்ளைய ஏறிப் போயிரும். அவன் உக்காந்து கெடக்கட்டும்."

செவலைக்கு ஒரு வருஷம் நான் உழைத்தேன். காலையும் மாலையும் குளம்பைச் சுரண்டி, மயில்துத்தக் கரைசலை ஊற்றி, தாரில் தோய்த்த சணலை அடைத்தேன். கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, தவிட்டில் பிசைந்து என் கையாலேயே ஊட்டினேன். சவாரிக்கும் அவளை நானே பழக்கினேன். முதலில் மூட்டை, பிறகு வெறும் சேணம், பிறகு நான். அவள் உடம்பு நிரம்ப நிரம்ப அந்தச் செம்மை மேலே வந்தது. உச்சி வெயிலில் அவளைக் குளிப்பாட்டி நிறுத்தினால், ஈரச் செம்மண்ணுக்கு மூச்சு வந்து நிற்கிற மாதிரி இருக்கும். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவளை யாரும் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அன்று தங்கை செவலைமீது ஏறினாள். நான் போர்வையோடு வாசலுக்கு வந்து பார்த்தேன். என்னிடம் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறவள், கடிவாளத்தைக் கடித்து இழுக்கிறவள், தங்கையிடம் கழுத்தை வளைத்து, காதைத் தளர்த்தி, தரையில் ஊற்றிய எண்ணெயாகப் போனாள். தங்கை ஒன்றுமே செய்யவில்லை. உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்து வாங்கியிருந்தால் நானும் அதைக் கற்றுக்கொண்டிருப்பேன்.

அப்பா வேலியில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"தாயி, போட்டியில நீ கெழவர்ல ஏறு. செவலைய சின்னவ ஓட்டட்டும்."

"ஏன்ப்பா?"

"ஒன் கை பேசுது. கயிறு ஒன் கையில இருந்தா, அங்க தட்டுது, இங்க இழுக்குது, என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. கெழவர் காது கேக்காதவரு, அவருக்கு ஒன்னும் செய்யாது. செவலைக்கு அது ஆவாது."

காய்ச்சலில் இருந்தவளிடம் சொல்கிற பேச்சா அது? அப்பாவுக்கு உண்மையைச் சொல்ல நேரம் காலம் தெரியாது. நான் என் கையைப் பார்த்தேன். தார்க்கறை நகக்கண்ணில் இருந்தது.

அன்றிலிருந்து பருவம் முழுக்க எனக்கு அழுகின வேலை, அவளுக்கு ஓட்டம் என்று மனசுக்குள் ஒரு பாட்டு ஓடியது. உண்மையில் அப்படியில்லை. அவளும் சாணம் அள்ளினாள், அவளும் கொள்ளு வேகவைத்தாள். ஆனால் பொறாமைக்குக் கண் ஒரு பக்கம்தான் தெரியும். போட்டிகளில் ராணுவ அதிகாரிகளுக்கும் சேட்டு வீட்டுப் பையன்களுக்கும் நடுவே காக்கிக் காற்சட்டையில் இரண்டு பேர் போய் நிற்போம். பெரியவர்கள் வந்து செவலையின் நெற்றியைத் தடவிவிட்டு, "கிஸ்கா சவாரி?", யார் ஓட்டுகிறது என்று கேட்பார்கள். தங்கை கையைத் தூக்குவாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. எனக்கு அவள் கையை ஒடிக்கலாம் போலிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவளே என் காலிலிருந்து பூட்ஸை உருவிவிடுவாள். "யக்கா, கெழவர் இன்னைக்கு ஒன்ன நல்லா கூட்டிட்டுப் போனாரு" என்பாள். கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பருவத்தின் கடைசிப் போட்டிக்கு முன்னால் சேட் ஒரு சேதி கொண்டுவந்தார். செவலையை ஆறு மாதம் பூனாவில் ஒரு பெரிய லாயத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார். கூடவே ஒரு பெண்ணும் போகலாம், அங்கே அவருடைய அக்காள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். யார் போவது என்பதை அப்பாவிடமே விட்டுவிட்டார். அப்பா எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"கடைசிப் போட்டியில யாரு முன்னால வாறாளோ, அவ போவா. அவ்வளவுதான் பேச்சு."

தங்கை செவலைமேல். நான் கிழவர்மேல். இதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கையைப் பற்றிச் சொல்வார்.

போட்டி கோவண்டியைத் தாண்டி, உப்பளத்தை ஒட்டின வெளியில். செம்பூரிலிருந்து குதிரைகளை நடத்தியே கொண்டுபோய்விடலாம். முதல் நாள் நடை. கிழவருக்கு அந்தக் கட்டமும் திருப்பமும் மனப்பாடம். நான் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் பாட்டுக்கு நடந்து முடித்தார். செவலை ஒரு குடைக்கு மிரண்டு கட்டத்தை விட்டு வெளியே போனாள். நான் முன்னால். அன்று வீட்டில் நான்தான் எல்லோருக்கும் பரிமாறினேன். அவ்வளவு நல்லவளாக அதற்குமுன் நான் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் ஓட்டம். ஒரு வாய்க்காலில் கிழவர் நின்றுவிட்டார். நான் கையால் கெஞ்சினேன், அதட்டினேன், என்னென்னவோ சொன்னேன். இரண்டாம் தடவைதான் தாண்டினார். பின்னால் வந்த தங்கை அதே வாய்க்காலை எப்படித் தாண்டினாள் என்று நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தண்ணீருக்குமேல் செவலை நீண்டாள், நின்றாள், அந்தப் பக்கம் இருந்தாள். கூட்டம் முதலில் மூச்சை இழுத்து, அப்புறம்தான் கத்தியது. சாயங்காலம் கணக்குச் சொன்னார்கள். அவள் முன்னால், நான் பின்னால். ஒரு கம்பு விழுந்தால் மாறிப்போகிற அளவுக்குத்தான் வித்தியாசம்.

குதிரைகளை வீட்டுக்கு நடத்தி வந்தோம். ஓட்டத்துக்கு மறுநாள் கால் வீங்காமலிருக்க, களிமண்ணை வினிகரில் குழைத்து முழங்காலுக்குக் கீழே பூசி, துணிப்பட்டி சுற்றிவிடுவோம். காலையில் அவிழ்க்கும்போது கால் குளிர்ந்திருக்கும். அன்றைக்கு அப்பா மண் குழைத்து வைத்துவிட்டுக் கிழவரின் லாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வைக்கோல்மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அப்போது அம்மா வந்தாள்.

ஊரே செவலையைப் பார்த்த நாள். அம்மா சும்மா விடுவாளா? இடது கையில் கரி அடுப்பு, வலது கையில் உப்பும் கடுகும் வற்றல் மிளகாயும். "ஏளா, யாரும் வாயத் தொறக்கப்பிடாது. நெருப்பு அணையிற வரைக்கும்," என்றாள். தங்கையை எழுப்பிச் செவலையோடு சேர்த்து நிற்கவைத்து, மூடிய கையை இருவரையும் சுற்றி மூன்று தடவை சுற்றினாள். மிளகாய் புதிது, மொறுமொறுப்பாகக் காய்ந்தது. பயபக்தியில் அம்மா அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். கையை உதறி நெருப்பில் போட்டாள். உப்பு வெடித்தது. கடுகு வெடித்தது. நெடி வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை.

அம்மா எங்களைப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது. நெடி வராவிட்டால் கண்ணேறு அவ்வளவு பலமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கண் என்று எனக்குத் தெரியுமே.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. நான் எதிரே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். வியர்த்த அம்மாவின் உள்ளங்கையில் மிளகாய் நொறுங்கி அப்படியே ஒட்டியிருந்தது, சிவப்பாக, விதையோடு. எப்போதும் சுற்றிப் போட்டதும் கையைக் கழுவிவிடுவாள். அன்றைக்குக் குழாயைத் திருகினாள், தண்ணீர் நின்றுபோயிருந்தது. அதற்குள் லாடத்தில் குனிந்திருந்த அப்பா கையை ஆட்டி, மண் காய்கிறது, பூசு என்று சைகை காட்டினார். அம்மா அந்தக் கையை அப்படியே களிமண்ணுக்குள் விட்டாள். செவலையின் முன்னங்கால் இரண்டுக்கும் அவளே பூசினாள், அவளே பட்டி சுற்றினாள். அன்பாக, அழுத்தமாக.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசக்கூடாது என்றிருந்தது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது.

நெருப்பு அணைந்தது. அம்மா சாம்பலைக் கொண்டுபோய்த் தெருமுனையில் கொட்டிவிட்டு வந்தாள். "நெடியே வரலியே, பாத்தியளா. எத்தன கண்ணு," என்று அப்பாவிடம் சொன்னாள். எல்லோரும் பேசினார்கள். நான் கிழவருக்குக் கொள்ளு வைக்கப் போனேன்.

காலையில் செவலை தரையை உதைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பட்டியை அவிழ்த்தார். முன்னங்கால் இரண்டும் கொதித்தன, மயிருக்கடியில் தோல் சிவந்து தடித்திருந்தது. அப்பா கழுவினார், தடவிப் பார்த்தார், தங்கை பக்கம் திரும்பினார்.

"நேத்து எங்கியும் தட்டுனாளாட்டி? கல்லுச் சுவருல?"

"இல்லப்பா."

"நல்லா நெனச்சுப் பாரு."

தங்கை நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க, தட்டியிருக்குமோ என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது. "ரொம்ப வேகமா விட்டுட்டேன்பா" என்று அழ ஆரம்பித்தாள். செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்றாள். நான் கிழவரின் பிடரியைப் பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பின்னல், இன்னொரு பின்னல். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பின்னலுக்கும் தோன்றியது. ஒவ்வொரு பின்னலையும் முடிந்துகொண்டே போனேன்.

மூன்றாம் நாள் தாவலுக்குமுன் டாக்டர் எல்லாக் குதிரைகளையும் ஓடவிட்டுப் பார்ப்பார். நொண்டினால் போட்டியில் இல்லை. வயதான பார்சி டாக்டர் அவர், வெள்ளைக் காற்சட்டை. செவலை நொண்டவில்லை. ஆனால் சுடுமணலில் நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். டாக்டர் மண்டியிட்டு முன்னங்காலைத் தேய்த்துப் பார்த்தார். எழுந்து நெற்றி வியர்வையைத் துடைத்தார், கூடவே கண்ணையும். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலில் குதித்தார். "அரே பாப்ரே. மிர்ச்சி." கர்ச்சீப்பைத் தேடித் தேடிக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

காலில் எரிகிற எதையாவது தடவிவிட்டால் குதிரை கம்பில் படப் பயந்து உயரமாகத் தாவும். அப்படிச் செய்கிற ஆட்கள் உண்டு. டாக்டர் ஒற்றைக் கண்ணால் அப்பாவைப் பார்த்தார். "ஃபௌஜி ஆத்மி ஹோகே, ஜமேதார்?" என்றார். பட்டாளத்துக்காரனாக இருந்துகொண்டு இப்படியா?

அப்பாவின் முதுகு வளைந்து நான் பார்த்தது அன்றுதான். அவர் விறைப்பாகத்தான் நின்றார், இருந்தாலும் உள்ளே எதுவோ குனிந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கையைப் பார்த்தார். அது எனக்குத் தாங்கவில்லை. நல்லெண்ணத்தால் என்று சொல்லமாட்டேன். அப்பா அவளைச் சந்தேகப்பட்டால்கூட அவள்தானே நடுவில் நிற்கிறாள் என்றும் ஒரு எரிச்சல் இருந்தது.

"நஜர் உதாரா, டாக்டர் சாப்," என்றேன். "மா நே. ஹாத் நஹீ தோயா." அம்மா கண்ணேறு கழித்தாள், கை கழுவவில்லை, அதே கையால் மண் பூசினாள், நான் பார்த்தேன். முழுக்கச் சொன்னேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். இந்த ஊரில் அது தெரியாத வீடு இல்லை. அவர் முகம் இளகியது. "மேரி மா பி கர்த்தி தி" என்று முணுமுணுத்தார். அவர் அம்மாவும் செய்வாளாம். அப்பாவின் தோளைத் தட்டினார். குற்றம் எதுவும் எழுதமாட்டார். ஆனால் இந்தக் காலோடு செவலை இன்றைக்குத் தாவக்கூடாது.

எல்லோரும் நகர்ந்தார்கள். தங்கை நகரவில்லை.

"நேத்தே பாத்தியாக்கா?"

"பேசக்கூடாதுன்னு அம்மா சொன்னால்லா."

"நெருப்பு அணைஞ்ச பெறகுமா?"

நான் கிழவரின் சேணத்தைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. தங்கை என் கையை விலக்கி, வயிற்றுவாரை இன்னொரு துளை இறுக்கினாள். என் காலைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கீழேயிருந்து கடிவாளக் கயிற்றை என் விரல்களுக்குள் வைத்து, தன் கையால் என் கையை மூடினாள்.

"இப்பிடியே வச்சுக்கோ. ஒன்னும் செய்யாத. அவரு தாவிருவாரு."

அப்படியே வைத்துக்கொண்டேன். அவமானம் கையை மரக்கட்டையாக்கியிருந்தது. கிழவர் ஒரு கம்புகூட விழாமல் தாவினார். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்தேன். செவலை கணக்கிலேயே இல்லை. எங்கள் இருவரில் நான் முன்னால்.

பூனா யாருக்கு என்று அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டில் அவராகவே, "முன்னால வந்தவ போவா. சொன்னது சொன்னதுதான்," என்றார். அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். எனக்குப் பதிலாக இவள் போகட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு முழுச் சாப்பாட்டு நேரம் இருந்தது. மோருக்கு வந்தோம். கை கழுவ எழுந்தோம்.

போனேன். சொந்தமாக ஒரு குதிரை, சொந்தமாக ஒரு அறை, குளிர்ந்த காற்று. செவலையின் கால் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. தினமும் காலையில் லாயத்துக்குள் நுழையும்போது அவள் காதை நிமிர்த்தி என் பின்னால் பார்ப்பாள், இன்னொருத்தி வருகிறாளா என்று. யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூக்கை நீட்டுவாள்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் இன்லேண்ட் கடிதம் வந்தது. அப்பா நலம், அம்மா நலம், செவலைக்குக் கொள்ளைக் குறைத்துப் போடு, வெயில் காலம். கடைசியில் மடிப்புக்குள் ஒரு வரி: சின்னவள் இப்போது கிழவரை ஓட்டுகிறாள், அவர் அந்த வாய்க்காலை நிற்காமல் தாண்டுகிறார், இளவட்டமாகிவிட்டார்.

நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தேன். நான் விட்டுவந்த காது கேட்காத கிழட்டுக் குதிரைமீது எனக்கு அப்படியொரு ஆசை வந்தது. பக்கத்தில் செவலை என் கையை மூக்கால் முட்டினாள். கடிதத்தைக் கசக்கிப் பிடித்திருந்த கையை நான் விரிக்கவில்லை.